சிங்காரம் காயவைத்த படகு

வெறும் சிங்காரம் என்று கேட்டால் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ட்ரையர் சிங்காரம் என்று கேட்டால்தான் சரியான வீட்டைக் காட்டுவார்கள். தேயிலை ஆலையில் முப்பத்து நான்கு வருடமாக அவருக்கு ஒரே வேலை, காயவைப்பது. வதங்கி, உருண்டு, செம்பு நிறமாகி அவரிடம் வந்து சேருகிற இலை ஈரமாகத்தான் இருக்கும். சூடான காற்றில் அதைக் காயவைத்து, மொறுமொறுவென்று கறுந்தூளாக அனுப்ப வேண்டும். ஒரு பிடித் தூளைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். மெஷின் காட்டுகிற எண்ணெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

ஈரம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பகை. வீட்டுக்கு வந்தால் தட்டு ஈரம், துண்டு ஈரம், கதவு ஈரம் என்று முணுமுணுப்பு. கேமரன் மலையில் பிறந்துவிட்டு ஈரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதரை என்னவென்று சொல்வது! இங்கே வெயில் என்பது விருந்தாளி. வந்தது தெரிவதற்குள் போயிருக்கும்.

மனைவி சீதா கொழுந்து பறிப்பவர். மழையோ பனியோ, பிளாஸ்டிக் கவுனைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவார். மாலையில் இடுப்புவரை நனைந்து வருவார். "நான் நனையிறேன், நீங்க காயிறீங்க. சரியாப் போச்சு லா" என்பார். ஒரே மகள் ரூபினி ஷா ஆலமில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இந்த ஈரமும் காய்ச்சலும் மட்டும்தான் மிச்சம்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் படகு ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது பழைய வயிற்றெரிச்சல்.

எழுபதுகளில் பங்களாவில் இருந்த துரைக்கு ஒரு மோட்டார்ப் படகு இருந்தது. பதினாறு அடி நீளம், செங்கால் மரப் பலகை, செம்பு ஆணி, நடுவில் பெட்ரோல் இஞ்சின். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிங்லெட் ஏரியில் துரை குடும்பத்தோடு சுற்றி வருவார். சிங்காரத்தின் அப்பா சிவசாமி பங்களா ஆள். படகு கரைக்கு வந்ததும் பழந்துணியால் அதைத் துடைத்து வைப்பது அவர் வேலை. உட்காருகிற பலகையில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் துரைக்குப் பிடிக்காது. பதினொரு வருடம் சிவசாமி அந்தப் படகைத் துடைத்தார். ஒருநாள்கூட அதில் ஏறி உட்கார்ந்ததில்லை. ஏறு என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கரையில் நின்று பார்த்த பையனுக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதே ஏரியைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன், அதன் நடுவிலிருந்து தன் மலையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

துரை போனார், இஞ்சின் நின்றது, படகு பங்களாவின் பின்னால் ஒழுகுகிற கூரைக்கடியில் நாற்பது வருடம் கவிழ்ந்து கிடந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு பங்களாவைச் சுத்தம் செய்தபோது பாசி பிடித்த முதுகோடு அது வெளியே வந்தது. சிங்காரம் பார்த்தார். அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார். அப்போதிருந்த மேனேஜரிடம் கெஞ்சிக் கேட்டு, நாலு பேரைப் பிடித்துத் தூக்கி, ஆலைக்குப் பக்கத்து விறகுக் கொட்டகையில் ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தார்.

"வேலைக்குப் போற நேரம் போக மிச்சமெல்லாம் இனி அந்தக் கட்டையோடதான் குடும்பமா?" என்றார் சீதா. கேட்டுப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார். அன்றிலிருந்து லயத்தில் அந்தப் படகுக்குப் பெயர் கட்டை.

படகு வேலையில் சிங்காரத்துக்கு அ, ஆ தெரியாது. ஆனால் இஞ்சின் அவருக்குப் பயமில்லை. ஆலையில் காற்றாடி, பெல்ட், பேரிங் எல்லாம் அவர் கை பார்த்தவைதான். துருப்பிடித்த இஞ்சினைப் பிரித்துப் போட்டு, பழைய வேன் ஒன்றின் கார்புரேட்டரைப் பொருத்தி, ஒன்றரை வருடத்தில் அதை உறும வைத்துவிட்டார். அன்று ஆலையே வந்து பார்த்தது. மரவேலைக்குக் கைப்பேசிதான் குரு. எங்கோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் படகைப் பழுதுபார்க்கிற வீடியோ. கிழவர் பேசுகிற வேகத்தில் பாதி புரியாது. கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். உளுத்த இரண்டு பலகைகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்தார். செம்பு ஆணியைத் தேடி ஈப்போவரை போனார்.

வீடியோவில் கிழவர் அடிக்கடி சொன்ன ஒரு சொல் மட்டும் சிங்காரத்துக்கு முழுசாகப் புரிந்தது. ட்ரை. கிழவர் பெயிண்டைத்தான் சொன்னார், ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு என்று. சிங்காரத்தின் காதில் அது மரத்துக்கென்று விழுந்தது. ட்ரையா? அதை எனக்கா சொல்லித் தரணும்! விறகுக் கொட்டகையின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் ட்ரையரின் அடுப்பு. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். படகை அந்தச் சுவரோரமாகத் தள்ளி, தகரத்தை வளைத்துச் சூடான காற்றுக்கு ஒரு வழியும் செய்து, நாலு மாதம் காயவைத்தார். தினம் இரண்டு வேளை பலகையைத் தட்டிப் பார்ப்பார். டங்கென்று சத்தம் வந்தால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. பத்துக் காசு நாணயத்தைச் சொருகலாம் என்கிற அளவுக்கு வந்தது. பழசுன்னா அப்படித்தான் என்று அகலமான இடத்தில் பஞ்சுத் திரியும் பூட்டி என்கிற அடைப்புப் பசையும் வைத்தார், மெலிசான இடத்தில் பெயிண்டை அடித்து மறைத்தார். வெள்ளையும் பச்சையுமாகப் படகு பளபளவென்று நின்றது.

சரியாக அந்த நேரத்தில் புது மேனேஜர் ஹரிதாஸ் கூப்பிட்டனுப்பினார். கோலாலம்பூர்க்காரர், முப்பத்தைந்து வயது, ஆனாலும் லயத்துப் பெரியவர்களுக்கு அவரும் துரைதான்.

"சிங்காரம், அடுத்த மாசம் ட்ரையருக்கு கேஸ் அடுப்பு வருது. விறகுக் கொட்டகைய இடிக்கப் போறோம். இருக்கிற மரத்தையெல்லாம் மாசக் கடைசிக்குள்ள எரிச்சு முடிக்கணும்."

"எம் படகுங்க?"

"அத வெக்க எஸ்டேட்ல வேற எடமில்ல. தண்ணியில ஓடுச்சுன்னா ஒங்க பேருல எழுதித் தந்துடறேன், ஏரியில கட்டிக்குங்க. நானே ஏரி ஆபீஸ்ல பேசறேன். ஓடலேன்னா..." ஹரிதாஸுக்கே சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. "ஓடலேன்னா அதுவும் மரந்தான் லா."

சிங்காரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. தன் படகைத் தன் அடுப்பில் தன் கையாலேயே போட வேண்டும். ஏரி ஆபீஸ் இரண்டு சனிக்கிழமைகளுக்கு அனுமதி கொடுத்தது. அவற்றில் இரண்டாவது சனிக்கிழமை, மாதத்தின் கடைசி நாள்.

முதல் சனிக்கிழமை காலை மச்சான் குணாளன் லோரியோடு வந்தான். சீதாவின் தம்பி அவன், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றுகிறவன். கோஸ் கூடைகளை இறக்கிவிட்டுப் படகை ஏற்றினார்கள். லயத்திலிருந்து முப்பது பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். படகுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். குணாளன்தான் ஏரி ஓரம் நின்று எல்லாரையும் கைதட்டச் சொன்னான். சீதா மட்டும் கீழே இறங்கவில்லை. மேலே ரோட்டோரம் நின்றார். ஏரி அணையைத் திறந்துவிட்டு லெம்பா பெர்த்தாமில் சேற்று வெள்ளம் வந்த வருடம் குணாளனின் வீடு ஜன்னல்வரை சேறாகிக் கிடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அதன் பிறகுதான் தம்பி கோலா தெர்லாவுக்குக் குடிபோனான். அன்றிலிருந்து பஸ் ஏரியைத் தாண்டும்போதெல்லாம் சீதா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

படகு தண்ணீரில் இறங்கியது. சிங்காரம் ஏறி உட்கார்ந்தார். ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இஞ்சின் சாவியைத் தொட்டார். அப்போது கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் பலகை நடுவிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. ஒரு இடம், நாலு இடம், அப்புறம் எண்ண முடியவில்லை. மிலோ டின்னை எடுத்து மொண்டு ஊற்றினார். ஊற்ற ஊற்ற வந்தது. கால் மணி நேரத்தில் முழங்கால் நனைந்தது. கரையோரம் ஆழமில்லை, அதனால் படகு மெல்ல இறங்கிச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. மாலையும் எலுமிச்சம்பழமும் மிதந்தன.

கரையில் யாரோ கத்தினார்கள். "சிங்காரண்ணே, தண்ணி ரெடி! தூளப் போடுங்க, டீ குடிச்சிட்டுப் போவோம்!"

சிரிப்பு எழும்பியது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். குணாளன் கயிறு கட்டி லோரியால் இழுத்தான். மறுபடி லோரியில் ஏற்றினார்கள், சிங்காரமும் அதோடு ஏறிக்கொண்டார். படகை லயத்துப் பின்பக்கம், பொதுக் குழாயடியில் இறக்கச் சொன்னார்.

"கொட்டகையில வெக்கலையா மச்சான்?"

"எதுக்கு? எரிக்கப் போறதுக்கு எந்த எடமா இருந்தா என்ன? துரைகிட்ட நாளைக்கே சொல்லிடறேன், எடுத்துக்கச் சொல்லி."

சொன்னது கோபத்தில் இல்லை. அதுதான் குணாளனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் சீதா பின்பக்கத்துக் கீரைப் பாத்திக்கு வேலை செய்யப் புறப்பட்டார். சங்கோலை எடுத்து ஓங்கினார். அதாவது மண்வெட்டியை. இங்கே யாரும் மண்வெட்டி என்று சொல்வதில்லை. தலை ஒரு பக்கம் ஆடியது, பிடி ஒரு பக்கம். எப்போதும் செய்வதுபோல அதை அப்படியே கொண்டுபோய்க் குழாயடி வாளியில், தலை முழுகும்படி நிறுத்தினார்.

வாசற்படியில் குந்தியிருந்த சிங்காரத்துக்கு, அந்த நிலைமையிலும், வாய் சும்மா இருக்கவில்லை. "மரத்தப் போயி ஏன் தண்ணியில போடுற? நல்லாக் காயவெச்சு ஆப்பு அடிச்சா நிக்காதா?"

"காஞ்சதாலதாங்க ஆடுது. தண்ணி குடிச்சா ஊதிக்கிட்டு இறுக்கிப் புடிச்சுக்கும். இதுகூடத் தெரியாதா? ஊருல சங்கோல் புடிச்ச எல்லாருக்கும் தெரியும், நீங்க எங்க புடிச்சீங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். வாளியைப் பார்த்தார். வாளிக்குப் பக்கத்தில் நின்ற படகைப் பார்த்தார். அப்புறம் புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க. ஒங்க கட்டையும் மரந்தானே?"

சிங்காரம் எழுந்து நின்றார்.

"நாலு மாசம் அத ட்ரையர்ல போட்டு எடுத்திருக்கீங்க!" என்று சீதா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடியாத்தி, அது தூளாப் போகாம இருந்ததே பெருசு!"

சிங்காரத்துக்கு முதலில் அவமானம் பிடுங்கியது. மூன்று வருடம், அத்தனை வீடியோ, ஈப்போவரை அலைந்த ஆணி. கடைசியில் ஒரு மண்வெட்டிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடியே, இதெல்லாம் போகட்டும், படகு எரிய வேண்டாம் என்கிற நினைப்பு அவரைத் தூக்கி நிறுத்தியது. உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது.

"ஆறு நாளுதானே புள்ள இருக்கு. குடிக்குமா?"

"குடிக்க வெச்சுப் பாப்போம்."

குணாளன் இருபது கோணிச் சாக்குகளைக் கொண்டுவந்து போட்டான். படகை உள்ளும் புறமும் சாக்கால் மூடி, குழாய்த் தண்ணீரை ஊற்றினார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போவதற்கு முன்னால் சீதா ஒரு தரம் நனைப்பார். மேட்டிலிருந்து நனைந்து இறங்கியதும் கவுனைக்கூடக் கழற்றாமல் இன்னொரு தரம். கூடவே வருகிற பறிப்புப் பெண்களும் போகிற போக்கில் ஆளுக்கொரு வாளி ஊற்றிவிட்டுப் போனார்கள். "அன்னிக்கு மூழ்கினது போதாதாம், அண்ணனுக்கு இன்னும் தண்ணி வேணுமாம்" என்று கேலிதான், ஆனாலும் ஊற்றினார்கள். புருஷனுக்குத் தண்ணீர் தெளித்து விட்ட சீதா இப்போது அவருடைய கட்டைக்கு வாளி வாளியாக ஊற்றுகிற அழகை லயமே பார்த்தது.

இதில் பெரிய கஷ்டம் சிங்காரத்துக்குத்தான். ஈரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமே! கை பரபரக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் கொஞ்சம் வெயில் அடித்ததும், பாவம், காற்றுப் படட்டும் என்று இரண்டு சாக்கை விலக்கிவிட்டார். மாலையில் வந்து பார்த்த சீதா போட்ட சத்தம் கடைசி வீடுவரை கேட்டது. அதற்குப் பிறகு சீதா வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக் குமுதாவைக் காவல் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பத்துக் காசு நாணயம் இடைவெளியில் போகவில்லை. வியாழக்கிழமை நகம் போகவில்லை. திரிகளுக்கு மேல் வைத்திருந்த பூட்டி வெள்ளை வெள்ளையாகப் பிதுங்கி வெளியே வந்தது. கடைக்காரன் கெட்டியான சாமானைத் தராமல் மெலிசான பூட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று வாங்கிய அன்று சிங்காரம் திட்டியிருந்தார். கெட்டியாக இருந்திருந்தால் ஊதுகிற மரம் போக வழியில்லாமல் பலகையே பிளந்திருக்கும். ஆனால் முன்பக்கம், மூக்குக்குக் கீழே ஒரு மூட்டு மட்டும் வாயைத் திறந்தபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஹரிதாஸ் வந்தார். சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்த படகைப் பார்த்ததும், "என்ன சிங்காரம், காய்ச்சலா?" என்றார்.

"காய்ச்சல எறக்கிக்கிட்டு இருக்கோங்க."

மேனேஜர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு மரம் அறுக்கற ஆளுங்க வர்றாங்க. நான் நிறுத்த முடியாது. அதுக்குள்ள பாத்துக்குங்க."

இரண்டாவது சனிக்கிழமை மாலையும் இல்லை, தேங்காயும் இல்லை. கைதட்ட முப்பது பேர் வரவில்லை. குணாளன் இருந்தான், நாலைந்து பறிப்புப் பெண்கள் இருந்தார்கள். ஹரிதாஸ் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படகு இறங்கியது. சிங்காரம் ஏறினார். உட்காரவில்லை, குனிந்து பலகை பலகையாகத் தடவிப் பார்த்தார். நடுவில் கசிவு இல்லை. ஓரத்தில் இல்லை. முன்பக்கம் அந்த மூட்டிலிருந்து மட்டும் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"ஓட்டிக்கிட்டே மொண்டு ஊத்த முடியுமா மச்சான்?" என்றான் குணாளன். "நான் ஏறவா?"

"ஒன் கனத்துக்கு மூக்கு இன்னும் உள்ள போயிடும்டா."

அப்போது பின்னாலிருந்து ஒரு கை மிலோ டின்னைப் பிடுங்கியது. சீதா. ரோட்டோரம் நின்றவர் எப்போது இறங்கி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. முந்தானையை இடுப்பில் சொருகினார். தண்ணீரைப் பார்க்கவில்லை. புருஷனை மட்டும் பார்த்தார்.

"நீங்க ஓட்டுங்க. நான் மொண்டு ஊத்தறேன்."

"சீதா, ஒனக்குப் பயமாச்சே..."

"பயந்தான். ஆறு நாளா தண்ணி ஊத்துனது நானு. எரிக்க விட்டுடுவேனா? புடிங்க கைய."

சிங்காரம் கையைப் பிடித்து ஏற்றினார். இஞ்சின் இரண்டு தடவை இருமியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கரையிலிருந்து கூச்சல் கேட்டது. படகு நகர்ந்தது. சீதா ஒரு கையால் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் மொண்டு ஊற்றினார். வாய் முருகா முருகா என்று ஓயவில்லை. சிங்காரம் ஏரியைப் பார்க்கவேயில்லை, அந்த மூட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். சுண்டுவிரல் கனம் நூலானது. நூல் சொட்டானது. ஏரி நடுவே வரும்போது சீதா குனிந்து டின்னை விட்டார். அடியில் சரக்கென்று பலகையில் உரசியது. மொண்டு பார்க்கத் தண்ணீர் இல்லை.

"ஏங்க" என்றார் சீதா. டின்னை மடியில் வைத்துக்கொண்டார். "புடிச்சுக்கிச்சுங்க."

சிங்காரம் இஞ்சினை அணைத்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் மலை. ஐம்பத்து நாலு வருடம் வாழ்ந்த மலைதான், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. மேலே தேயிலை வரிசை, அதற்கும் மேலே ஆலையின் புகை, லயத்துக் கூரைகள் சின்னச் சின்னதாக. சீதாவும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கரையில் ஹரிதாஸ் கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசினார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி இல்லை, இல்லை என்று ஆட்டினார். பக்கத்தில் நின்ற குணாளன் குதித்த குதியில் விஷயம் விளங்கிவிட்டது. அறுக்கிற ஆட்கள் வரப்போவதில்லை.

சிங்காரம் உட்காரும் பலகையில் கை வைத்தார். "எங்கப்பா இதுல ஒரு நாளும் உக்காரல புள்ள" என்றார்.

"தெரியும்" என்றார் சீதா. "நாம ரெண்டு பேரும் உக்காந்துட்டோம். அவருக்கும் சேத்துதான்."

உட்காரும் பலகையில் தண்ணீர் சிதறிக் கிடந்தது. சிங்காரத்தின் கை தானாகவே தோளில் கிடந்த துண்டை உருவியது. துடைக்கக் குனிந்தார். அப்பா துடைத்த அதே பலகை. அதே மாதிரி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு.

சீதா அந்தக் கையை நறுக்கென்று தட்டினார். "தொடைக்காதீங்க!"

சிங்காரம் திகைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. துண்டை ஏரித் தண்ணீரில் முக்கி எடுத்தார், பிழியாமல் அப்படியே பலகைமேல் விரித்தார், அதன்மேல் உட்கார்ந்தார்.